கோயில் மண்டபத்தில் முதியோர் உடற்பயிற்சி: விழாமல் காப்பதற்கு எது உண்மையில் உதவும்?

தமிழாசிரியை, சாட்ஸ்வர்த்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் கோயிலின் மாதர் குழு ஒவ்வொரு புதன்கிழமை காலையிலும் மண்டபத்தில் முதியவர்களைக் கூட்டி உடற்பயிற்சி நடத்தி வருகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் 70 வயதைக் கடந்த ஆயாக்கள். வட்டமாக நாற்காலி போட்டு அமர்ந்து, பக்திப் பாடலுக்கு ஏற்பக் கைகளை உயர்த்துவது, தோள்களை உருட்டுவது, கணுக்காலைச் சுழற்றுவது என்று முக்கால் மணி நேரம் போகும். பிறகு தேநீர் குடித்துக் கொஞ்சம் பேசிவிட்டுக் கலைவோம். மழை பெய்தாலும் வந்துவிடுகிறார்கள், அவ்வளவு விருப்பம்.

ஆனால் சென்ற குளிர்காலத்தில், ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்துகொண்டிருந்த இருவர் தங்கள் வீட்டிலேயே விழுந்துவிட்டார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்து சேர்ந்துவிட்டது. மற்றவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இன்னும் துணையில்லாமல் நடக்க முடியவில்லை. "இவ்வளவு நாள் பயிற்சிக்கு வந்தும் அம்மா விழுந்துவிட்டார்களே" என்று அவருடைய மகள் என்னிடம் கேட்டார்.

உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி விழுவதைத் தடுக்குமா? தடுக்காது என்றால் வேறு எதைச் செய்யலாம்? எங்களிடம் இருப்பது ஒரு மண்டபம், பளபளப்பான தரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆர்வமுள்ள சில பெண்கள். பெரிய பணவசதி இல்லை. அறிந்தவர்கள் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இயன்முறை மருத்துவர், பீனிக்ஸ்

அம்மா, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து செய்யும் பயிற்சி மூட்டுகளுக்கு இதமானது, மனத்துக்கு நல்லது, தனிமையைப் போக்குவது. ஆனால் விழுவதைத் தடுக்கும் என்று அதை நம்பியிருக்க முடியாது. மனிதர்கள் விழுவது பெரும்பாலும் நிற்கும்போதும், நடக்கும்போதும், திரும்பும்போதும், எழும்போதும்தான். நாற்காலி உடலைத் தாங்கிக்கொண்டிருக்கும் வரையில் சமநிலையைக் காக்கும் வேலை உடலுக்கு இல்லை. அந்த வேலையைக் கொடுத்துப் பழக்கினால்தான் அதில் உடல் தேறும்.

இதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட திறனாய்வு, தம் வீடுகளில் வாழும் 60 வயதைக் கடந்தவர்களிடம் 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 23,000க்கும் அதிகம். உடற்பயிற்சி செய்தவர்களிடையே விழும் நிகழ்வுகள் மொத்தத்தில் 23 விழுக்காடு குறைந்திருந்தன. சமநிலைப் பயிற்சியையும் எழுவது, அடியெடுத்து வைப்பது போன்ற அன்றாட அசைவுகளையும் பழக்கியபோது 24 விழுக்காடு குறைந்தன. அவற்றோடு தசை வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 விழுக்காடு வரை சென்றது. மெதுவான அசைவுகளால் ஆன சீனத்துத் தை சீ பயிற்சியும் பயன் தந்தது. நடைப்பயிற்சியை மட்டும் செய்தவர்களுக்குப் பயன் கிடைத்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், "தினமும் கொஞ்சம் நடங்கள், போதும்" என்பதே நம் வீடுகளில் முதியவர்களுக்குச் சொல்லப்படும் ஒரே அறிவுரையாக இருப்பதுதான். நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் காலும் இடுப்பும் தளர்ந்து ஏற்கெனவே தடுமாறுகிறவரை மேடும் பள்ளமுமான நடைபாதையில் வேகமாக நடக்கச் சொல்வது அவரைக் காக்காது.

குழுவாகச் செய்தாலும் தனியாகச் செய்தாலும் பயனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதும் அந்தத் திறனாய்விலிருந்து நாம் அறிவது. ஆகவே உங்கள் குழு வீணில்லை. விடாமல் வருகிற பழக்கம் ஏற்கெனவே அமைந்திருக்கிறது, பலருக்கு அதை உருவாக்குவதுதான் கடினம். நீங்கள் மாற்ற வேண்டியது வந்தபின் செய்வதை மட்டுமே.

இனி அளவைப் பற்றி. 2017இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, சமநிலைக்கு நன்றாகச் சவால் விடும் பயிற்சியை வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களிடம் விழும் நிகழ்வுகள் 39 விழுக்காடு குறைந்ததாகக் காட்டுகிறது. வாரத்துக்கு ஒரு முறை கூடும் குழுவுக்கு 3 மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வாரம் ஒரு வகுப்பும் அதோடு வீட்டுப் பயிற்சியும் ஓராண்டு நடந்தன. விழும் நிகழ்வுகள் 40 விழுக்காடு குறைந்தன. எனவே புதன்கிழமை வகுப்பைக் கற்றுக்கொள்ளவும் சரிபார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அவரவர் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு 20, 30 நிமிடம் செய்ய வேண்டும்.

என்ன செய்வது என்றால், முதலில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இதைவிட மேலான ஒரு பயிற்சியை நான் அறியேன். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மார்பை முன்னுக்குச் சாய்த்து, கையூன்றாமல் எழ வேண்டும். பிறகு தொப்பென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். கவனித்துப் பாருங்கள், பலர் தம்மையறியாமல் உள்ளங்கையால் தொடையை அழுத்தித்தான் எழுவார்கள். அப்படியானால் தொடைத்தசைக்கு வலு போதவில்லை என்று பொருள். அவர்களுக்கு நாற்காலியில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டிவிட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொல்லுங்கள். வாரங்கள் செல்லச் செல்ல மெத்தையை எடுத்துவிடலாம்.

அடுத்தது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது, பின்பு முன்பாதத்தை உயர்த்திக் குதிகாலில் நிற்பது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது. இவை எளிதானபின் இரண்டு கையால் பிடித்தவர் ஒரு கையால் பிடிக்கட்டும், பிறகு ஒரு விரலால், பிறகு பிடிக்காமலே. எளிதாகிவிட்ட பயிற்சியை அப்படியே மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் பயன் நின்றுவிடும்.

ஒரு மகன், மெரிபேங்க்

ஐயா, நீங்கள் எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனாலும் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. என் தாயார் இடுப்பு முறிந்து படுத்த நாளிலிருந்து எங்கள் வீடே மாறிவிட்டது. அதன்பின் அவரை ஓரிடத்தில் உட்கார வைத்து, தண்ணீர் முதல் எல்லாவற்றையும் நாங்களே கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இந்த நிலையில் 80 வயதானவர்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வதும், பிடிமானத்தை விடச் சொல்வதும் ஆபத்தாகத் தோன்றுகிறது. கோயில் மண்டபத்தில் ஒருவர் விழுந்துவிட்டால் யார் பொறுப்பேற்பது? மாதர் குழுவில் உள்ளவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லையே. நல்லெண்ணத்தோடு செய்கிற ஒரு காரியம் ஒரு குடும்பத்தின் துயரமாக முடிந்துவிடக் கூடாது.

இயன்முறை மருத்துவர், பீனிக்ஸ்

உங்கள் அச்சம் முழுவதும் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு வகுப்பு நடத்துகிற யாரையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் ஓரிடத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கையில் கொடுப்பது, அன்பினால் செய்வதாயினும், உங்கள் தாயாரின் கால்களில் எஞ்சியிருக்கும் வலுவையும் குறைத்துவிடும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நடமாட்டம் குறைகிறது. நடமாட்டம் குறையக் குறையத் தசை கரைகிறது. தசை கரைந்தவர் கழிப்பறைக்கு எழுந்து செல்லும் அந்த ஒரு முறையில் விழுகிறார். அவருக்கு வேண்டியது ஓர் இயன்முறை மருத்துவர் நேரில் பார்த்து அமைத்துக்கொடுக்கும் தனிப்பயிற்சி. இடுப்பு முறிந்தவரை நேரே பொது வகுப்புக்கு அனுப்ப வேண்டாம்.

வகுப்புக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே 3 கேள்விகள் கேட்க வேண்டும். கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் உண்டா? விழுந்துவிடுவோமோ என்ற கவலை உண்டா? 2022இல் வெளியான உலக அளவிலான வழிகாட்டுதலிலும் இந்த மூன்றும் இடம்பெற்றிருக்கின்றன. ஒன்றுக்கேனும் ஆம் என்றால் நடையைச் சோதியுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கூடுதல் கவனம் தேவை. ஓராண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தவர், விழுந்து காயம்பட்டவர், மயங்கி விழுந்தவர், விழுந்தபின் தானாக எழ முடியாமல் கிடந்தவர் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

பாதுகாப்பு என்பது ஏற்பாட்டில் இருக்கிறது. சாட்ஸ்வர்த் அம்மா பளபளப்பான தரை, பிளாஸ்டிக் நாற்காலி என்று எழுதியிருந்தார்கள். அந்த நாற்காலிகளை மண்டபத்தின் நடுவில் போடவே போடாதீர்கள். எழும்போது பின்னுக்கு வழுக்கிச் செல்லும். முதுகுப்புறம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். பிடித்து நிற்பதற்குக் கனமான மர நாற்காலியோ, சுவரோரத்துக் கைப்பிடியோ வேண்டும். எல்லோரும் சுவரைச் சுற்றி நிற்க, நடத்துபவர் நடுவில் நிற்கலாம். தடுமாறுகிறவர்கள் பக்கத்தில் ஓர் உதவியாளர் கை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். ஆய்வுகளில் பயிற்சியால் ஏற்பட்ட தொல்லைகள் பெரும்பாலும் தசைவலி, மூட்டுவலி என்ற அளவிலேயே இருந்தன.

பயிற்சி தருபவர் உடல்நலத்துறையில் தேர்ந்தவராக இருக்கும்போது பயன் கூடுதலாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. வெஸ்ட்வில்லில் உள்ள குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக வளாகத்தில் இயன்முறை மருத்துவமும், உடற்பயிற்சி வழியாக உடலைத் தேற்றும் துறையான பயோகினெடிக்ஸும் கற்பிக்கப்படுகின்றன. அங்குள்ள துறையை அணுகிக் கேளுங்கள். தேர்ந்த ஒருவர் தொடக்கத்தில் வந்து மாதர் குழுவினருக்குப் பழக்கிக்கொடுத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேற்பார்வையிட்டால் மற்ற வாரங்களை நீங்களே நடத்திக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற செவிலியர், ஐசிப்பிங்கோ

பயிற்சியைப் பற்றி ஐயா எழுதிவிட்டார்; அதைச் சுற்றியுள்ள சிலவற்றை நான் சேர்க்கிறேன்.

நம் சமூகத்தில் சர்க்கரை நோய் மிக அதிகம். நெடுநாள் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர் தரையை உணராமலே நடக்கிறார். கோயில் மண்டபத்தில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும் என்பது நமக்குப் பழக்கம். ஆனால் மரத்த பாதத்தில் சிறு கல் குத்தினாலும் தெரியாது, அது புண்ணாகிவிடும். காலுறை மட்டும் போட்டால் பளபளப்பான தரையில் வழுக்கும். ஆகவே கோயில் நிர்வாகத்தாரிடம் பேசி, மண்டபத்துக்கு மட்டுமே என்று தனியாக வைத்துக்கொண்ட சுத்தமான, குதிகாலைப் பிடிக்கும் காலணிக்கு அனுமதி வாங்குங்கள். சன்னிதிக்குள் போகப்போவதில்லையே, பெரியவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். புடவை கட்டி வருபவர்கள் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி தூக்கிச் செருகிக்கொள்ளட்டும். சுடிதார் இன்னும் நல்லது.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் வரக் கூடாது. புரட்டாசி விரதத்திலும் காவடி விரதத்திலும் இதைக் குறிப்பாகக் கேட்டறிய வேண்டும். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, இடையிடையே தண்ணீர் கொடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூக்க மாத்திரை, சில மனநல மருந்துகள், இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை தடுமாற்றத்தை உண்டாக்கலாம். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, எது இன்னும் தேவை என்று கேளுங்கள். கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். மின்வெட்டு வந்தாலும் கைக்கெட்டும்படி தலைமாட்டில் ஒரு டார்ச் விளக்கு இருக்கட்டும்.

விவசாயக் குடும்பத்தவர், டொங்காட்

தை சீ என்பதைக் கேட்டதும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். நம்மிடமே இருக்கிற அடிப்பிரதட்சிணத்தை ஏன் பயிற்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது? ஒரு பாதத்தின் குதிகாலை மற்றப் பாதத்தின் பெருவிரலோடு ஒட்டிவைத்து ஒவ்வோர் அடியாகக் கோயிலைச் சுற்றிவருவதை என் பாட்டி வேண்டுதலாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தோப்புக்கரணம் இருக்கிறது, கும்மி இருக்கிறது. ஆடி மாதக் கூழ் பூசையன்று தப்புச் சத்தம் கேட்டால், தடி ஊன்றி வந்த கிழவிகள்கூடத் தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு நாலு அடி ஆடுகிறார்கள். இவற்றைப் பயிற்சியாக்கினால் மருத்துவ முறைப்படி பயன் இருக்குமா?

இன்னொன்று. ஆண்கள் வருவதே இல்லை. எங்கள் பகுதித் தாத்தாமார்கள் இதைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள்.

இயன்முறை மருத்துவர், பீனிக்ஸ்

ஐயா, நீங்கள் சொன்ன அடிப்பிரதட்சிணத்தைத்தான் நாங்கள் மருத்துவமனையில் சமநிலைப் பயிற்சியாகக் கொடுக்கிறோம். பாதங்களைச் சேர்த்து நிற்பது, ஒன்றைச் சற்று முன்னே வைத்து நிற்பது, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நேர்கோட்டில் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது என்று நான்கு நிலைகளில் ஒவ்வொன்றிலும் 10 வினாடி நிற்க முடிகிறதா என்று சோதிப்பதும் வழக்கம். மூன்றாம் நிலையில் 10 வினாடி நிற்க முடியாதவர் விழும் வாய்ப்பு அதிகமுள்ளவர். அவர் நடையாகத் தொடங்காமல், சுவரைப் பிடித்து நின்று பழகட்டும். அந்த நிலையில் நிற்க முடிந்தவர்கள் மண்டபத்துத் தரை ஓட்டின் கோட்டின்மேல், ஒரு கை சுவருக்கு அருகே இருக்க, அடிமேல் அடி வைத்து நடக்கட்டும்.

தோப்புக்கரணத்தில் முழுவதும் குந்தினால் தேய்ந்த முழங்கால் தாங்காது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கால்பங்கு இறங்கி எழுவது போதும். கும்மியில் பக்கவாட்டு அடி, முன்னே குனிந்து நிமிர்வது, திரும்புவது, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது எல்லாம் இருக்கின்றன. பக்கவாட்டில் சட்டென்று அடியெடுத்து வைக்கத் தெரிந்தவர் தடுமாறும்போது தம்மைக் காத்துக்கொள்வார். ஆயினும் நடனம் மட்டுமே விழுவதைக் குறைக்கும் என்பதற்குக் காக்ரேன் திறனாய்வில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. எனவே கும்மியை வகுப்பின் கடைசிப் பகுதியாக, மெதுவான தாளத்தில், சுற்றாமல் வரிசையாக நின்று செய்யுங்கள். காலுக்கு வலுவூட்டும் பயிற்சியின் இடத்தை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் உருவான ஒடாகோ பயிற்சித் திட்டம், 80 வயதைக் கடந்த பெண்களிடமே 1997இல் பயன் காட்டிவிட்டது. அதில் கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டி மடக்குவார்கள். துணிப்பையில் அரை கிலோ அரிசியைத் தைத்துக் கட்டினாலும் தொடங்கிவிடலாம்.

முதியோர் குழு நடத்துபவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஆண்கள் வராததைப் பற்றி: எங்களிடமும் அப்படித்தான் இருந்தது. முதியோருக்கான கோல்டன் கேம்ஸ் விளையாட்டுப் போட்டிக்குத் தயாராகிறோம் என்று அழைத்தோம், தாத்தாமார்கள் வந்தார்கள். 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார்கள் என்று எண்ணி, ஒவ்வொருவரின் கணக்கையும் ஓர் அட்டையில் எழுதிக்கொடுத்தோம். அடுத்த வாரம் அதைச் சட்டைப்பையில் வைத்து எடுத்துவந்து காட்டினார்கள்.

தொடர்ச்சிதான் பெரிய சிக்கல். உதவித்தொகை எடுக்கும் நாளில் வகுப்பு வைத்தால் யாரும் வர மாட்டார்கள். டிசம்பர் விடுமுறையில் மண்டபம் திருமணங்களுக்குப் போய்விடும்; அப்படி ஓர் இடைவெளி விழுந்தபின் சிலர் திரும்பி வரவில்லை, வந்தவர்களுக்கும் கால் தளர்ந்திருந்தது. பயிற்சியை நிறுத்தினால் பெற்ற பலன் மெல்லக் கரைந்துவிடும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மண்டபம் இல்லாத வாரங்களில் இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு, ஒருவர் மற்றவருக்குத் தொலைபேசியில் அழைத்து இன்று செய்தாயிற்றா என்று கேட்க வைத்தோம். வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பிய படங்களைவிட அந்த அழைப்புதான் உதவியது. இருட்டும் முன் எல்லோரும் வீடு சேரும்படி காலை நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் இருக்கும் வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு வண்டி ஏற்பாடு இல்லையென்றால், மிகவும் தேவையுள்ளவர்களே வராமல் போய்விடுவார்கள்.

தமிழாசிரியை, சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாதர் குழுவில் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். பாடலோடு உட்கார்ந்து செய்வதைத் தொடக்கத்தில் 10 நிமிடத்துக்கு உடலைச் சூடாக்க மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு எல்லோரும் எழுந்து நிற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நாற்காலிகள் சுவரோடு போடப்படும். காலணி பற்றி நிர்வாகத்தாரிடம் கேட்டிருக்கிறோம். முதல் மாதத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரை வரவழைக்கப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறோம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். விழுந்த அந்த அம்மா விடியும்வரை குளியலறைத் தரையிலேயே கிடந்திருக்கிறார். தரையிலிருந்து எழுவதை வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியுமா?

இயன்முறை மருத்துவர், பீனிக்ஸ்

முடியும், கற்றுக்கொடுக்கவும் வேண்டும். பிரிட்டனில் குழு வகுப்புக்கென்றே உருவான ஃபேம் என்ற திட்டத்தில் தரையில் இறங்குவதும் எழுவதும் பயிற்சியின் ஒரு பகுதி. விழுந்தவர் நெடுநேரம் தரையில் கிடப்பதால் தசை சிதைவு, உடல் குளிர்தல், நீரிழப்பு எல்லாம் வரும். ஆனால் இதை முதல் வாரங்களில் செய்ய வேண்டாம். கால்கள் ஓரளவு வலுப்பெற்றபின், தேர்ந்த ஒருவர் அருகிலிருக்கும்போது, தடித்த பாய் விரித்து, ஒருவர் ஒருவராகப் பழக்குங்கள். இடுப்பிலோ முழங்காலிலோ செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கு அவர்களுடைய மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

விழுந்ததும் உடனே எழ முயலக் கூடாது. மூச்சு சீராகும்வரை கிடந்து, எங்காவது கடுமையான வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பிலோ காலிலோ கடும் வலி இருந்தால், கால் அசையாமல் கிடந்தால், எழ வேண்டாம். எட்டும் துணியை இழுத்து மேலே போர்த்திக்கொண்டு, சுவரைத் தட்டியோ குரல் கொடுத்தோ உதவி கேட்க வேண்டும். வலி இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, பிறகு இரு கைகளிலும் முழங்கால்களிலும் தவழும் நிலைக்கு வர வேண்டும். அப்படியே தவழ்ந்து அசையாத ஒரு நாற்காலியிடமோ கட்டிலிடமோ போய், இரு கைகளையும் அதன்மேல் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னே தரையில் பதித்து, கைகளாலும் அந்தக் காலாலும் தள்ளி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். எழுந்தவுடன் நடக்கக் கூடாது. சற்று நேரம் அமர்ந்திருக்கட்டும். விழுந்ததை அன்றைக்கே வீட்டாரிடம் சொல்ல வேண்டும்.

தவழும் நிலைக்கு வர முடியாத ஆயாக்கள் உங்கள் குழுவில் நிச்சயம் இருப்பார்கள். புரண்டு படுப்பது, தரையோடு நகர்ந்து கதவுப் பக்கம் போவது, இவற்றை மட்டும் அவர்களுக்குப் பழக்குங்கள். தனியாக வாழ்பவர்களுக்குக் கழுத்தில் தொங்கும்படி ஒரு சிறு தொலைபேசிப் பை தைத்துக்கொடுங்கள். குளியலறைக்குள் போகும்போது அதைக் கழற்றி, தரையில் கிடந்தாலும் கை எட்டுகிற தாழ்வான கொக்கியில் மாட்டிக்கொள்ளட்டும்.